பெஞ்சில் கழிந்த 880 இரவுகள்

ஒரு விளையாட்டில் பெரிய ஆளாக இருந்தவர் ஓய்வு பெற்றதும் அவரைப் பயிற்சியாளராக்கிவிட வேண்டும் என்று ரசிகர்கள் ஆசைப்படுவார்கள். அணி முதலாளிகளுக்கும் அதே ஆசைதான். அவ்வளவு நன்றாக ஆடியவருக்குத் தெரியாததா என்பது அவர்கள் வாதம். 1994 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணி, தன் பழைய நாயகன் மேஜிக் ஜான்ஸனை அப்படித்தான் பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார வைத்தது. பந்தை யாருக்கு, எந்த நொடியில் தர வேண்டும் என்பதை அவரளவுக்கு அறிந்த ஆட்டக்காரர்கள் சொற்பம். சீசன் முடிய 16 ஆட்டங்கள் பாக்கி. 5 ஆட்டங்களில் வெற்றி, 11 ஆட்டங்களில் தோல்வி. போதும் என்று எழுந்து போய்விட்டார்.

அதே 1994இல் சிகாகோ புல்ஸ் அணியில் ஸ்டீவ் கெர் என்ற 28 வயது ஆட்டக்காரர் இருந்தார். உயரம் 6 அடி 3 அங்குலம். கூடைப்பந்தில் அது குள்ளம். வேகமும் கிடையாது, எகிறிக் குதிக்கவும் வராது. தூரத்தில் நின்று குறிபார்த்துக் கூடையில் போடத் தெரியும், அவ்வளவே. அவர் ஒரு நாள் அமெரிக்காவின் மிகப் பெரிய பயிற்சியாளர்களில் ஒருவராவார் என்று அன்று சொல்லியிருந்தால் புல்ஸ் ரசிகர்களே சிரித்திருப்பார்கள். ஆட்டக்காரராக 5, பயிற்சியாளராக 4 என்று மொத்தம் 9 என்.பி.ஏ. கோப்பைகள் பிற்பாடு அவர் கணக்கில் சேர்ந்தன. 2024 பாரீஸ் ஒலிம்பிக்ஸில் தங்கம் வென்ற அமெரிக்க அணிக்கும் அவரே பயிற்சியாளர்.

இது எப்படி நடந்தது என்பது கூடைப்பந்து ரசிகர்களுக்கு மட்டுமான விஷயமல்ல. தலைமைப் பொறுப்பு யாருக்குப் பொருந்தும் என்ற பழைய கேள்வியும் இதில் இருக்கிறது.

முதலில் ஒரு புள்ளிவிவரம். என்.பி.ஏ. லீக் ஆட்டங்களில் கெர் ஆடியவை 910. அவற்றில் ஆட்டம் தொடங்கும்போது களத்தில் இருந்த ஐவரில் ஒருவராக அவர் இறங்கியது 30 முறைதான். மற்ற 880 ஆட்டங்களிலும் அவர் பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்.

கிரிக்கெட்டின் பன்னிரண்டாவது ஆட்டக்காரரோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கிரிக்கெட்டில் வெளியே உட்கார்ந்திருப்பவர் தண்ணீர் கொண்டுபோவார், ஃபீல்டிங் செய்வார். மட்டை பிடிக்க முடியாது. கூடைப்பந்தில் பெஞ்சில் இருப்பவரை எந்த நிமிடமும் உள்ளே அனுப்பலாம், இரண்டு நிமிடத்தில் திரும்பக் கூப்பிடலாம், மறுபடி அனுப்பலாம். அதற்குக் கணக்கே இல்லை. ஆகவே பெஞ்சில் இருப்பவர் உடம்பு ஆறிப்போன நிலையிலும் மனத்தைச் சூடாக வைத்திருக்க வேண்டும். அணியின் நட்சத்திரம் மோசமாக ஆடும் நாளில் பத்து முறை தவறவிடலாம், பதினோராவது வீச்சும் அவருக்குக் கிடைக்கும். பெஞ்சிலிருந்து வருபவருக்கு இரண்டு வீச்சு தவறினால் மறுபடி பெஞ்சுதான். அந்த வாழ்க்கையை 15 ஆண்டுகள் வாழ்ந்தவர் கெர். அப்படி வாழ்ந்தும் மூன்று புள்ளி வீச்சில் 45.4 சதவீதம் கூடையில் போட்டார். ஓய்வு பெற்றபோது என்.பி.ஏ. வரலாற்றில் அதுவே முதலிடம்.

கெர் பிறந்தது பெய்ரூட்டில், 1965இல். தந்தை மால்கம் கெர் அரபு அரசியலைக் கற்றுத் தேர்ந்த அமெரிக்கப் பேராசிரியர். அவரும் பெய்ரூட்டில் பிறந்தவர். லெபனான் உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த 1982இல் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவர் பதவியை ஏற்றார். 1984 ஜனவரி 18ஆம் தேதி அவருடைய அலுவலகத்துக்கு வெளியே இரண்டு துப்பாக்கி ஆசாமிகள் அவரைத் தலையில் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 52.

மகன் அப்போது அரிசோனா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர், 18 வயது. கல்லூரி அணியில் அவருக்கு இடம் கிடைத்ததே பெரிய காரியம். வேறு பெரிய கல்லூரிகள் எதுவும் அவரைச் சீண்டவில்லை. நடு இரவில் தொலைபேசியில் செய்தி வந்தது. இரண்டு நாள் கழித்து உள்ளூர் எதிரியான அரிசோனா ஸ்டேட் அணியோடு ஆட்டம். ஆட்டத்துக்கு முன் நடந்த மௌன அஞ்சலியில் கெர் அழுதார். பிறகு பெஞ்சிலிருந்து எழுந்து உள்ளே போனார். முதல் வீச்சே கூடையில் விழுந்தது. அன்று 12 புள்ளிகள் எடுத்தார். அரிசோனா வென்றது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1988இல், அதே அரிசோனா ஸ்டேட் மைதானத்தில் எதிரணி ரசிகர்களில் சிலர் அவருடைய தந்தையின் சாவைச் சொல்லிக் கூச்சலிட்டார்கள். கெர் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டார். பிறகு முதல் பாதியில் மட்டும் 20 புள்ளிகள் எடுத்தார். இடையில் 1986இல் ஸ்பெயினில் நடந்த உலகப் போட்டியில் முழங்கால் பிய்ந்து, ஒரு சீசன் முழுவதையும் இழந்திருந்தார். இனி ஆட முடிவதே கஷ்டம் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்த காலம் அது.

1988 தேர்வில் என்.பி.ஏ. அணிகள் 49 பேரை எடுத்த பிறகு ஐம்பதாவது ஆளாக ஃபீனிக்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. ஓராண்டில் கிளீவ்லாண்டுக்குத் தள்ளிவிட்டது. அங்கிருந்து ஆர்லாண்டோ. 1993இல் சிகாகோ. தேவைப்படும் இடத்துக்கு மாற்றப்படும் கடைநிலை அரசு ஊழியரைப் போல ஐந்தாண்டுகளில் நான்கு ஊர்.

சிகாகோவில் அவருக்கு இரண்டு ஆசான்கள் கிடைத்தார்கள். ஒருவர் பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன். அவரும் ஆட்டக்காரராக இருந்தபோது 1973இல் கோப்பை வென்ற நியூயார்க் அணியின் பெஞ்ச் ஆசாமிதான். மற்றவர் மைக்கேல் ஜோர்டன். அவர் கற்றுத் தந்த விதம் கொஞ்சம் முரட்டுத்தனமானது. 1995இல் பயிற்சி ஆட்டத்தில் ஜோர்டன் சீண்டிக்கொண்டே இருக்க, கெர் திருப்பிக் கொடுத்தார். வாக்குவாதம் முற்றியது. ஜோர்டன் விட்ட குத்தில் கெர்ரின் கண் கறுத்தது. அன்றே ஜோர்டன் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். தன்னை எதிர்த்து நின்றவர் என்ற மரியாதை அதற்குப் பிறகுதான் வந்தது என்று இருவருமே பின்னாளில் சொன்னார்கள். அந்த சீசனில் புல்ஸ் 72 ஆட்டங்களில் வென்று 10இல் மட்டுமே தோற்றது. அதுவரை எந்த அணியும் செய்யாத சாதனை.

அந்த மரியாதையின் மதிப்பு 1997 ஜூன் 13ஆம் தேதி தெரிந்தது. யூட்டா ஜாஸ் அணியோடு இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். ஸ்கோர் 86-86. மிச்சம் சில நொடிகள். ஜோர்டன்தான் போடப் போகிறார் என்பது மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேர் தன்னைச் சூழ வருவார்கள், நீ தயாராக இரு என்று ஜோர்டன் கெர்ரிடம் சொல்லியிருந்தார். தயார் என்றார் கெர். அப்படியே நடந்தது. பந்து கெர்ரின் கைக்கு வந்தது, கூடையில் விழுந்தது, கோப்பையும் வந்தது. ஊர்வலத்துக்குப் பிறகு நடந்த கூட்டத்தில் கெர் மைக்கைப் பிடித்து, இந்த மாதிரி நெருக்கடியில் போட்டுப் பழக்கமில்லை என்று ஜோர்டன் தயங்கியதால் வேறு வழியின்றித் தானே காப்பாற்ற வேண்டியதாயிற்று என்று முகத்தை வைத்துக்கொண்டு கதை விட்டார். ஜோர்டனே விழுந்து விழுந்து சிரித்தார்.

1996, 1997, 1998இல் புல்ஸோடு மூன்று கோப்பைகள். 1999இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸோடு நான்காவது. அங்கே பயிற்சியாளர் கிரெக் போபோவிச். என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். 2003இல், 37 வயதில், கெர் அநேகமாக மறக்கப்பட்டிருந்தார். டல்லாஸ் அணியோடு அரையிறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் ஸ்பர்ஸ் பின்தங்கியிருந்தது. போபோவிச் அவரை உள்ளே அனுப்பினார். நான்கு மூன்று புள்ளி வீச்சுகள், நான்கும் கூடைக்குள். ஸ்பர்ஸ் இறுதிக்குப் போய்க் கோப்பையையும் வென்றது. ஐந்தாவது கோப்பையோடு கெர் ஓய்வு பெற்றார்.

உடனே பயிற்சியாளராகிவிடவில்லை. தொலைக்காட்சியில் வர்ணனை செய்தார். 2007இல் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியின் ஜெனரல் மேனேஜர் ஆனார். அதில் பெரிய பெயர் எடுத்தார் என்று சொல்ல முடியாது. வேகமாக ஓடி ஆடும் அணிக்குள் 35 வயது ஷகீல் ஓ'நீலைக் கொண்டுவந்தார். வெற்றிகரமான பயிற்சியாளர் விலகிப்போனார். அவருக்குப் பதிலாகத் தாமே நியமித்தவரைப் பாதி சீசனிலேயே நீக்க நேர்ந்தது. 2010இல் கெர் மறுபடி மைக் பிடிக்கப் போய்விட்டார்.

2014 மே மாதம் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அவரை அழைத்தபோது அவர் எந்த மட்டத்திலும் ஓர் அணிக்குக்கூடப் பயிற்சியாளராக இருந்ததில்லை. முந்தைய சீசனில் அந்த அணி 51 ஆட்டங்களில் வென்று முதல் சுற்றில் வெளியேறியிருந்தது. மோசமான அணி அல்ல. தடுப்பாட்டத்தை முந்தைய பயிற்சியாளர் மார்க் ஜாக்சன் நன்றாகவே கட்டி வைத்திருந்தார். கெர் வந்ததும் அதைக் கலைக்கவில்லை. அதற்கான பெருமையை அவருக்கே கொடுத்தார். தம்மிடம் இல்லாத அனுபவத்தை ஈடுகட்ட ஆல்வின் ஜென்ட்ரி, ரான் ஆடம்ஸ் என்று நரைத்த தலைகளை உதவியாளர்களாகச் சேர்த்துக்கொண்டார்.

அணியின் குறை வேறு இடத்தில் இருந்தது. ஸ்டீஃபன் கரி, க்ளே தாம்ஸன் என்ற இரண்டு அபூர்வமான குறிகாரர்கள் இருந்தும், ஓர் ஆட்டத்துக்கு எத்தனை பாஸ் என்ற கணக்கில் வாரியர்ஸ் லீகிலேயே கடைசியில் இருந்தது. ஒருவர் பந்தை வைத்துக்கொள்ள, மற்ற நால்வர் வேடிக்கை பார்த்தார்கள். கெர் சொன்ன மருந்து எளிது. ஓர் ஆட்டத்துக்கு 300 பாஸ். யார் போட்டாலும் சரி, அதற்கு முன் எல்லோர் கையும் பந்தில் படட்டும். பந்து வருமா வராதா என்று ஓரத்தில் நிற்கும் ஆட்டக்காரரின் மனநிலை தெரிந்தவர் சொன்ன மருந்து அது. பந்தைத் தொடாத ஆள் தடுப்பாட்டத்திலும் சோம்பிவிடுவார் என்பது அந்த இடத்தில் நின்றவருக்குத் தெரியும்.

கடினமான வேலை அடுத்தது. ஆண்ட்ரே இகுடாலா பத்து சீசன்களாக, ஆடிய ஒவ்வோர் ஆட்டத்தையும் தொடக்க ஐவரில் ஒருவராகத் தொடங்கியவர். கெர் அவரைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். ஒரு பெரிய நட்சத்திரம் பயிற்சியாளராக வந்து இதைச் சொல்லியிருந்தால் இகுடாலாவுக்கு அது தண்டனையாகவே பட்டிருக்கும். தம் வாழ்நாளையே பெஞ்சில் கழித்து ஐந்து கோப்பைகளோடு வீடு திரும்பியவர் சொன்னபோது அதை ஒரு வேலையாக எடுத்துக்கொள்ள முடிந்தது. இகுடாலாவுக்கு மனவருத்தம் இருந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

அந்த சீசனில் வாரியர்ஸ் 67 ஆட்டங்களில் வென்று இறுதித் தொடருக்குப் போனது. லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாண்டிடம் 1-2 என்று பின்தங்கியது. அந்த இரவில் நிக் யூரென் என்ற 28 வயது உதவியாளர் பழைய வீடியோக்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அணிக்கு வீடியோ வெட்டித் தருவதும், பயிற்சியின்போது பாட்டுப் போடுவதும் அவர் வேலைகளில் சில. உயரமான ஆண்ட்ரூ போகட்டை உட்கார வைத்துவிட்டு இகுடாலாவைத் தொடக்கத்திலேயே இறக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அதிகாலை மூன்று மணிக்குச் செய்தி அனுப்பினார். கெர் அதை ஏற்றார். வாரியர்ஸ் அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்றது. 40 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை. சிறந்த ஆட்டக்காரர் விருது இகுடாலாவுக்கு. யோசனை யாருடையது என்று நிருபர்கள் கேட்டபோது யூரெனின் பெயரைச் சொன்னார் கெர். தம் யோசனை என்று சொல்லியிருந்தால் மறுத்துச் சொல்ல ஆள் கிடையாது.

அந்த இறுதித் தொடரில் கெர்ரின் முதுகில் பிடிப்பு விழுந்தது. அறுவை சிகிச்சையில் முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள திரவம் கசிந்தது. மறுபடி ஒரு சிகிச்சை. தலைவலி மாதக்கணக்கில் விடவில்லை. அடுத்த சீசனின் முதல் 43 ஆட்டங்களில் அவர் களத்துப் பக்கம் வரவில்லை. உதவியாளர் லூக் வால்டன் பொறுப்பேற்று அவற்றில் 39இல் வென்றார். லீக் விதிப்படி அந்த வெற்றிகள் எல்லாம் கெர்ரின் கணக்கில்தான் ஏறின. உழைத்தவர் ஒருவர், கணக்கு இன்னொருவருக்கு! அந்த சீசன் 73 வெற்றி, 9 தோல்வியாக முடிந்தது. கெர் ஆட்டக்காரராக இருந்த 1996 புல்ஸின் 72-10 சாதனை முறிந்தது. அந்த அணி இறுதித் தொடரில் 3-1 என்று முன்னிலை பெற்றும் கிளீவ்லாண்டிடம் கோப்பையை விட்டது. தலைவர் இல்லாமலே ஓர் அணி அத்தனை ஆட்டங்களில் வென்றது அவருக்குப் பெருமையா, சிறுமையா? வேலையைப் பிறர் கையில் பழக்கி வைத்திருந்த தலைவருக்குத்தான் அது நடக்கும் என்பது என் கட்சி.

2018 பிப்ரவரியில் ஃபீனிக்ஸோடு ஆடிய ஆட்டத்தில் இது பகிரங்கமாகவே தெரிந்தது. டைம் அவுட்டில் கெர் வாய் திறக்கவில்லை. வரைபலகையை ஆட்டக்காரர்களிடம் கொடுத்து, நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். என் குரல் அவர்களுக்குச் சலித்துவிட்டது, எனக்கே சலித்துவிட்டது என்பது பின்னர் அவர் தந்த விளக்கத்தின் சாரம். வாரியர்ஸ் 46 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. எதிரணியை அவமதித்துவிட்டார் என்று சிலர் குறைப்பட்டார்கள். 2017இல் வென்றிருந்த அணி 2018இலும் கோப்பை வென்றது.

எல்லாம் சரி, கரி போன்ற ஒருவர் கையில் இருந்தால் யாரும் வெல்லலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2019-20இல் தாம்ஸன் முழங்கால் காயத்தால் ஆடவே இல்லை, கரி கை எலும்பு முறிந்து ஐந்தே ஆட்டங்கள் ஆடினார், கெவின் டுரான்ட் வேறு அணிக்குப் போய்விட்டார். வாரியர்ஸ் 15 வெற்றி, 50 தோல்வியோடு லீகிலேயே கடைசி. பயிற்சியாளர் எவரும் மந்திரவாதி அல்ல. ஆனால் அதே கரியும் தாம்ஸனும் 2014இல் முதல் சுற்றில் தோற்ற அணியில்தான் இருந்தார்கள். கடைசி இடத்திலிருந்து இரண்டே ஆண்டுகளில், 2022இல், அந்த அணி பாஸ்டனை வென்று மறுபடி கோப்பை எடுத்ததும் சும்மா நடந்துவிடவில்லை. நல்ல சரக்கு வேண்டும். அதைக் கெடுக்காமல் சமைக்கத் தெரிந்த கையும் வேண்டும்.

அந்தக் கையும் ஒரு முறை சுட்டுக்கொண்டது. 2022 அக்டோபர் பயிற்சியில் ட்ரேமாண்ட் க்ரீன், சக ஆட்டக்காரரான இளைஞர் ஜோர்டன் பூலை முகத்தில் குத்தினார். வீடியோ வெளியே கசிந்து உலகமே பார்த்தது. கெர் க்ரீனுக்கு அபராதம் விதித்தார். சில நாள் விலகியிருந்த க்ரீன் முதல் ஆட்டத்திலேயே திரும்பி வந்துவிட்டார். அந்த சீசன் முழுவதும் அணி ஒட்டவே இல்லை. சொந்த ஊரில் வென்ற அணி, வெளியூரில் ஆடிய 41 ஆட்டங்களில் 30இல் தோற்றது. நம்பிக்கை உடைந்துபோனது ஒரு காரணம் என்று சீசன் முடிந்ததும் கெர்ரே ஒப்புக்கொண்டார். பூல் வேறு அணிக்கு அனுப்பப்பட்டார்.

1995இல் ஜோர்டனிடம் குத்து வாங்கியவர்தான் இந்தத் தீர்ப்பை எழுதினார் என்பதை மறக்க முடியாது. அந்தக் குத்து நட்பில் முடிந்தது. எனவே இதுவும் ஆறிவிடும் என்று அவர் நினைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அன்று கேமரா இல்லை. 30 வயது கெர் திருப்பித் தாக்கியிருந்தார். பூலுக்கு 23 வயது, அவமானத்தைக் கோடிப் பேர் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். தன் அனுபவத்தை அடுத்தவர் உடம்பில் அப்படியே பொருத்த முடியாது. பெஞ்சில் படித்த பாடத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

2022 மே 24ஆம் தேதி நடந்தது வேறு வகை. டெக்ஸாஸில் யுவால்டே ஊர் ஆரம்பப் பள்ளியில் ஒரு துப்பாக்கிக்காரன் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்ற நாள். அன்று மாலை அதே மாநிலத்தில், டல்லாஸில், வாரியர்ஸுக்கு முக்கியமான ஆட்டம். நிருபர் கூட்டத்துக்கு வந்த கெர், கூடைப்பந்து பற்றிப் பேச மாட்டேன் என்றார். துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை விசாரிக்கும் மசோதாவை வாக்கெடுப்புக்கே வர விடாத செனட்டர்களைக் கடுமையாகச் சாடினார். மேஜையைத் தட்டினார். கேள்விக்கு நிற்காமல் எழுந்து போனார். மொத்தம் மூன்று நிமிடம். பயிற்சியாளருக்கு அரசியல் எதற்கு என்று கேட்டவர்களுக்கு 1984 ஜனவரி ஞாபகம் இல்லை. அன்றிரவு வாரியர்ஸ் தோற்றது. அது பெரிய செய்தியாகவும் இல்லை.

இவற்றுக்குப் பிறகு வந்தது பாரீஸ். ஒலிம்பிக்ஸ் அணியில் 12 பேர், பன்னிரண்டு பேரும் நட்சத்திரங்கள். ஆடுவதோ 40 நிமிடம், ஒரே சமயத்தில் ஐந்து பேர். செர்பியாவோடு நடந்த முதல் ஆட்டத்தில் ஜேஸன் டேட்டத்துக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. ஒரு மாதம் முன்புதான் பாஸ்டனுக்குக் கோப்பை வென்று தந்தவர் அவர். அவரை இறக்காதது தம்மை முட்டாளாக உணர வைக்கிறது என்று கெர் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆட்டத்தில் இறக்கினார். ஆனால் அரையிறுதியில் அதே செர்பியாவோடு 17 புள்ளி வரை பின்தங்கித் தத்தளித்தபோது டேட்டம் மறுபடி பெஞ்சில்தான். கரியின் 36 புள்ளிகளோடு அமெரிக்கா 95-91 என்று தப்பியது. இறுதியில் பிரான்ஸை 98-87 என்று வென்றது. அந்த நவம்பரில் வாரியர்ஸ் பாஸ்டனுக்குப் போனபோது உள்ளூர் ரசிகர்கள் கெர்ரைப் பார்த்து ஊளையிட்டார்கள்.

பெஞ்சின் வலி தெரிந்தவர் யாரையும் பெஞ்சில் வைக்க மாட்டார் என்று நினைப்பது தவறு. வைத்தே ஆக வேண்டும், அதற்குத்தான் சம்பளம். வலி தெரிந்தவர் அதைச் சாக்குப்போக்கு இல்லாமல் செய்வார், உட்கார்ந்திருப்பவரை ஆளாக மதித்துச் செய்வார். வித்தியாசம் அவ்வளவுதான். அதற்குப் பிறகும் திட்டு விழும்.

நம் நாட்டிலும் பயிற்சியாளர் பதவி பல சமயம் நட்சத்திரத்துக்கு ஓய்வுக்காலப் பரிசாகவே போயிருக்கிறது. கபில் தேவ் 1999இல் இந்தியக் கிரிக்கெட் பயிற்சியாளரானார். ஆஸ்திரேலியாவில் மூன்று டெஸ்ட்டிலும் தோற்று, ஓராண்டுக்குள் விலகினார். மாறாக, சச்சின் டெண்டுல்கரை உருவாக்கிய ரமாகாந்த் அச்ரேகர் ஆடியது ஒரே ஒரு முதல்தர ஆட்டம். இதை ஒரு விதியாக்கிவிடவும் முடியாது. பில் ரஸ்ஸல் பாஸ்டனுக்கு ஆடிக்கொண்டே பயிற்சியும் தந்து 1968, 1969இல் கோப்பை வென்றவர். அவரைவிடப் பெரிய ஆட்டக்காரர் யார்? ராகுல் டிராவிடும் சாதாரண ஆட்டக்காரர் அல்ல. ஆனால் அவர் முதலில் 19 வயதுக்குட்பட்டோர் அணியிடம்தான் போனார். 2018இல் அந்த அணி உலகக் கோப்பை வென்றதும் தமக்கு 50 லட்சம், உதவியாளர்களுக்கு 20 லட்சம் என்று வாரியம் அறிவித்ததை ஏற்காமல், எல்லோருக்கும் ஒரே தொகை என்று கேட்டு வாங்கினார். யூரெனின் பெயரைச் சொன்ன கெர்ரும், தம் தொகையைக் குறைத்துக்கொண்ட டிராவிடும் ஒரே ஜாதி.

ஆகவே ஓர் அணிக்குப் பயிற்சியாளரைத் தேடுபவர்கள் எத்தனை சதம், எத்தனை புள்ளி என்று கேட்பதோடு இன்னொன்றும் விசாரிக்கலாம். தன்னை இறக்காத நாட்களில் இந்த ஆள் எப்படி இருந்தார்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாரா, ஆட்டத்தைக் கவனித்தாரா? இதற்கு ஸ்கோர் அட்டையில் பதில் இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டால் தெரியும்.